வெளிப்பக்கக் கொண்டி

மே 6, செவ்வாய்

விடைத்தாள் திருத்தும் வேலை நேற்றோடு முடிந்தது. இனி ஒரு மாதம் கல்லூரி இல்லை. காலையில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். மாடியில் கொடிக்கயிற்றை மாற்றிக் கட்டினேன்.

பதினொரு மணிக்கு ஜெபமலர் அழைத்தாள். என் தம்பி தாணு இருக்கும் மனநல இல்லத்தில் அவள் சமூகப் பணியாளர். ஐந்தரை ஆண்டுகளாக மாதம் ஒருமுறை அவளோடு பேசுகிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை நேரில் போவேன். பார்வை நேரம் ஒரு மணி நேரம். நான் அரை மணியில் கிளம்பிவிடுவேன், நாகர்கோவிலுக்குப் பஸ் கிடைக்காது என்று சொல்லி.

"மேடம், ரெண்டு வருசமா தம்பி நல்லா இருக்காரு. மாத்திரை ஒழுங்கா எடுக்காரு, எங்க பேக்கரியில வேலை பாக்காரு. பத்து நாள் வீட்டுக்கு அனுப்பிப் பாக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. இருபத்துநாலாம் தேதி நானே கூட்டிட்டு வாரேன்."

"சரி" என்றேன்.

"அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேக்காரு. அவரு ரூம் கதவுல வெளிய இருந்த கொண்டி இப்பவும் இருக்கான்னு. இருந்தா வாசல்ல கூட கால் வைக்க மாட்டாராம்."

"அதெல்லாம் எப்பவோ எடுத்தாச்சு."

போனை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். கொண்டி இருந்தது. ஒரு சாண் நீள இரும்புப் பட்டை கதவில். அது போய் மாட்டும் வளையம் நிலைச் சட்டத்தில். பட்டைக்கு நான்கு திருகாணி, வளையத்துக்கு நான்கு. இரண்டு வருடத்துக்கு முன் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தவன் கதவோடு சேர்த்து அதற்கும் பழுப்பு நிறம் அடித்துவிட்டான். கழற்றவா என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பதினெட்டு நாள் இருக்கிறது. எட்டுத் திருகாணிக்கு அது போதும்.

மே 7, புதன்

போதாது போலிருக்கிறது. பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தால் எட்டுத் தலைகளிலும் ஸ்க்ரூடிரைவர் வைக்க வெட்டே இல்லை. தலைகள் பட்டையோடு பட்டையாக வழுவழுவென்று இருக்கின்றன. கடற்காற்று, துரு.

துருப்பிடித்த இரும்பு சொரசொரப்பாகும், வழுவழுப்பாகாது. முதலாமாண்டு மாணவிகூட இதைச் சொல்வாள். இப்போதைக்குத் துரு என்றே வைத்துக்கொள்கிறேன்.

வடசேரியில் மைதீன் பிச்சை அண்ணன் கடைக்குப் போனேன். ஹார்டுவேர் கடை. ஸ்க்ரூ இறுகிவிட்டது, எண்ணெய் ஏதாவது கொடுங்கள் என்றேன்.

"எதுக்கு டீச்சர் கெடந்து அல்லாடுறிய? நல்லபெருமாள் ஆசாரிட்ட சொன்னா அஞ்சு நிமிசம்."

"அவருக்கு வேலை இருக்கும்."

"யாருக்கு, அவருக்கா? காலையில இருந்து எதுத்த டீக்கடையில பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படிச்சுட்டு இருக்காரு. மூணாவது டீ. கூப்பிடட்டா?"

"வேண்டாம்ணே."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தையல் மிஷின் எண்ணெய் டப்பா ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். வெளியே வரும்போது டீக்கடைப் பக்கம் திரும்பாமல் நடந்தேன். நாற்பத்தொன்பது வயதில், பட்டப்பகலில், குடையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு.

மே 8, வியாழன்

எண்ணெய் விட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலை இல்லாததால் இந்த நோட்டில் எழுதுகிறேன். ஆய்வகப் பதிவேடு, மிச்சமானது. கவனித்ததையும் ஊகித்ததையும் பிரித்து எழுதுங்கள் என்று இருபத்துநான்கு வருடமாக மாணவிகளிடம் சொல்லி வருகிறேன்.

தாணுவுக்கு நாற்பத்துநான்கு வயது. 2019 டிசம்பரில் இல்லத்தில் சேர்த்தேன். அதற்கு முந்தின மாதம் அம்மை இறந்தாள். அடுக்களையில் விழுந்துவிட்டாள். மாரடைப்பு. உடனே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

மே 10, சனி

பழைய ஸ்க்ரூடிரைவர் நுனியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி ஒவ்வொரு தலையிலும் வைத்து அழுத்தினேன். சூட்டில் இரும்பு விரியும், ஆறும்போது சுருங்கும், மரத்தோடு உள்ள பிடி தளரும். பெயிண்ட் கருகிய நாற்றம் வீடு முழுக்க. பிடி தளர்ந்ததா என்று தெரிந்துகொள்ள முதலில் திருப்ப வேண்டும். திருப்ப வெட்டு இல்லை.

சாயங்காலம் ஜெபமலர்.

"மேடம், கதவை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்களேன். அவர்ட்ட காட்டினா நிம்மதியா இருப்பாரு."

பத்து நிமிடம் யோசித்தேன். என் அறைக் கதவைப் படமெடுத்து அனுப்பினேன். அதே பழுப்பு. அதே அயினி மரப் பலகை. கொண்டி இல்லை.

மே 11, ஞாயிறு

காலை ஒன்பதரைக்கு ஜெபமலர் அழைத்தாள்.

"இது என் கதவு இல்லங்காரு, மேடம். என் கதவுல நெஞ்சு உசரத்துல மரத்துல ஒரு முடிச்சு உண்டு, கண்ணு மாதிரி இருக்கும், இதுல இல்லங்காரு."

எனக்கு அந்த முடிச்சு நினைவில் இல்லை. போய்ப் பார்த்தேன், போனைக் காதில் வைத்தபடி. உட்பக்கம், நெஞ்சு உயரத்தில். பெயிண்டுக்கு அடியிலும் தெரிந்தது.

"அவனுக்கு ஞாபகம் குழம்பியிருக்கும்" என்றேன்.

"அப்படியா மேடம்? நல்லாத்தான இருந்தாரு. சரி, டாக்டர் காதுல போட்டு வைக்கேன்."

மதியம் சோறு வைக்கவில்லை. பழையதைத் தின்றேன்.

மே 13, செவ்வாய்

ஹேக்சா பிளேடைப் பாதியாக ஒடித்து, ஒரு முனையில் துணி சுற்றிக் கைப்பிடியாக்கினேன். தலையின் குறுக்கே அறுத்துப் புது வெட்டு போடுவது திட்டம். அதற்கு முன் தின்னர் தொட்டுப் பெயிண்டைச் சுத்தமாகத் துடைத்தேன்.

கவனித்தது: எட்டுத் தலைகளிலும், ஒரே திசையில், மெல்லிய இணைகோடுகள். அரத்தால் ராவிய கோடுகள்.

ஏழாம் தேதி துரு என்று எழுதியதை அடித்துவிடுகிறேன். ராவியது நான்.

அம்மை இறந்த அந்த வருடம் தாணு இரண்டு முறை வீட்டை விட்டுப் போய்விட்டான். முதல் முறை கன்னியாகுமரி பஸ் நிலையத்தில் கண்டுபிடித்தோம். இரண்டாம் முறை ஏதோ ஒரு தெருவில் திருடன் என்று நினைத்து அடித்திருந்தார்கள். முன்பல் ஒன்று போயிற்று. நான் ஒன்பதரைக்குக் கல்லூரியில் இருக்க வேண்டும். அம்மைக்கு எழுபத்தொரு வயது, அவனைப் பிடித்து நிறுத்த முடியாது. உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு வெளியே கொண்டி போடச் சொல்லி நல்லபெருமாள் ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் கதவைப் பார்த்தார், அறைக்குள் கட்டிலில் இருந்தவனைப் பார்த்தார், பையைத் திறக்காமலே எழுந்துகொண்டார்.

"படுக்கிற அறைக்கு எங்காளுங்க உள்ளதான் தாழ் போடுவோம், டீச்சர். மனுசன் இருக்க எடத்துக்கு வெளிய கொண்டி போட்டா அது தொழுவம்."

படிக்காத மனுஷன் பேச்சு என்று அம்மையிடம் சொன்னேன். நானே போட்டேன். திருகாணியை ஆணி மாதிரி சுத்தியலால் அடித்து இறக்கினேன். அப்படி இறக்கினால் மரம் உள்ளே நைந்துவிடும், பிடிக்காது என்பது அப்போது தெரியாது. ஒரு வாரத்தில் அம்மை உப்புக் கரண்டியின் காம்பை வைத்து அத்தனையையும் நெம்பி எடுத்துவிட்டாள். நான் கல்லூரியிலிருந்து வந்தபோது இரண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டையும் வளையமும் பாயில் ஓரமாக, அழகாக அடுக்கி.

"திருகு நல்லால்லட்டி, தானா வந்துட்டு" என்றாள் அம்மை.

இரண்டு அங்குலத் திருகாணி வாங்கினேன். அளவாகத் துளை போட்டேன். பசை வைத்தேன். கடைசிச் சுற்றுவரை திருப்பினேன். கண்ணாடிக் குழாய் அறுக்க ஆய்வகத்தில் வைத்திருக்கும் முக்கோண அரத்தை எடுத்து வந்து, வெட்டுகள் மறையும்வரை எட்டுத் தலையையும் ராவினேன். பூட்டு போட்டேன். சாவி என் கைப்பையில். சாப்பாட்டை அம்மை ஜன்னல் கம்பி வழியாகக் கொடுத்தாள்.

நான் ஒழுங்காகச் செய்த ஒரே மரவேலை அது. அதனால்தான் இப்போது வரமாட்டேன் என்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். பட்டையின் கீழ் இரண்டு தலைகளில் அரக் கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வேறு கீறல்கள். ஆழமில்லை. ஒரே இடத்தில் பல முறை.

இன்று அறுக்கவில்லை.

மே 14, புதன்

அறுத்தேன். ஒரு தலைக்கு அரை மணி நேரம். பிளேடு மூன்று தீர்ந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கோலம்மை அக்கா வந்தாள். அம்மையைவிடப் பத்து வயது இளையவள்.

"ஏட்டி வடிவு, என்ன காலையில இருந்து கிரீச் கிரீச்சுன்னு. பல்லெல்லாம் கூசுதுட்டி எனக்கு." பிறகு கதவைப் பார்த்தாள். "ஓ."

"தாணு வாறான்க்கா. இருபத்துநாலு."

அவள் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் முழங்காலைத் துடைத்துக்கொண்டாள், அதில் ஒன்றுமே இல்லாதபோதும். நான் அறுத்தேன்.

"உங்கம்மை போன அன்னைக்கு அவன் அம்மை அம்மைன்னு விளிச்சான், பாத்துக்க. எப்பவும் விளிக்கதுதானன்னு நான் டிவி சத்தத்தைக் கூட்டி வச்சுட்டேன்."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்க்கா."

"அதான் எனக்கும் நான் சொல்லிக்கிடுவேன்."

போகும்போது புளிக்கறி கொண்டு தாறேன் என்றாள். கொண்டுவந்தாள்.

மே 16, வெள்ளி

ஸ்க்ரூடிரைவர் காம்பை ஸ்பேனரால் கவ்வித் திருப்பினேன். இரண்டு திருகாணி முனகிக்கொண்டே முழுதாக வந்தன. மற்ற ஆறும் தலை ஒடிந்தன. பட்டையும் வளையமும் கையோடு வந்துவிட்டன. ஆறு தண்டுகள் மட்டும் மரத்தில் நிற்கின்றன, விரல் வைத்தால் கிழிக்கும். இடுக்கி வழுக்குகிறது.

ஒரு திருத்தம். அம்மை அடுக்களையில் விழுந்ததாக எட்டாம் தேதி எழுதியிருக்கிறேன். அடுக்களையில் இல்லை. இந்தக் கதவுக்கு முன்னால். அன்று எனக்குத் தேர்வு அறைக் கண்காணிப்பு, நாலரைக்கு வந்தேன். அவள் கதவில் சாய்ந்தபடி, ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். உப்புக் கரண்டி மடியில் கிடந்தது. ஆட்கள் வருவதற்குள் அதை எடுத்துக் கழுவி உப்புச் சாடியில் போட்டேன். காம்பு நுனி ஒரு பக்கமாக வளைந்திருக்கிறது. ஐந்தரை வருடமாக அதில்தான் உப்பு அள்ளுகிறேன்.

ராவியது நவம்பர் 9, சனி. இறந்தது 14, வியாழன். கீறல்கள் ராவிய கோடுகளுக்கு மேலே இருக்கின்றன.

ஊகம் எழுதவில்லை.

மே 17, சனி

கல்லூரிக்குப் போய் ஆய்வகத்தைத் திறக்கச் சொல்லி, கார்க் துளைக்கும் குழாய்களை எடுத்து வந்தேன். தண்டைத் திருப்ப முடியாதென்றால் அதைச் சுற்றியுள்ள மரத்தை வளையமாக அறுத்து, மரமும் தண்டுமாக எடுத்துவிடலாம் அல்லவா. தக்கையில் துளை போடுவதும் அதுதானே. ஆனால் பித்தளைக் குழாய். அயினி மரத்தில் இரண்டு சுற்றில் வாய் மழுங்கிவிட்டது. ஆய்வக உதவியாளருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மே 18, ஞாயிறு

எஃகுக் குழாய், உள்வாய் திருகாணியைவிடக் கொஞ்சம் பெரிதாக. வீடு முழுக்கத் தேடினேன். என் குடைக்கம்பி அலுமினியம். அம்மையின் பழைய கறுப்புக் குடைதான் எஃகு. துணி எப்போதோ கிழிந்துவிட்டது, தூக்கிப் போடாமல் பீரோ மேலே வைத்திருந்தேன்.

நான்கு விரல் நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்தேன். அதன் வாயில் முக்கோண அரத்தால் ஆறு பல் வெட்டினேன், ரம்பம் மாதிரி. அதே அரம். பற்களை இடப்பக்கம் சாய்த்து வெட்டினேன்: இடமாகச் சுற்றினால் மரத்தை அறுக்கும், தண்டும் கூடவே கழலப் பார்க்கும். அடுப்பில் சிவக்கவிட்டுத் தண்ணீரில் முக்கினேன். கடினமானதா என்று சொல்ல முடியாது. குடைக்காரன் எந்த இரும்பு போட்டானோ.

மைதீன் பிச்சை அண்ணன் கடை ஞாயிற்றுக்கிழமை பாதிக் கதவு. கையால் சுற்றும் பழைய ட்ரில் ஒன்றைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"எங்க வாப்பா வச்சிருந்தது. கரண்ட் ட்ரில்லு எடுத்துட்டுப் போங்களேன், டீச்சர்."

"சத்தம் வரும்ணே."

"சத்தம் வந்தா என்ன, பகல்தான?"

ட்ரில்லைப் பையில் வைத்துக்கொண்டேன். அவரும் விட்டுவிட்டார்.

மே 19, திங்கள்

வேலை செய்கிறது. குழாயைத் தண்டின் மேல் மாட்டி, இடமாகச் சுற்ற, மரத்தூள் கறுப்பாக வருகிறது. இரும்பைச் சுற்றி மரம் கறுத்துப் போயிருக்கிறது. ஒரு அங்குலம் இறங்கியதும் இடுக்கியால் பிடித்து ஒடித்தால் மரக்குச்சி ஒன்று வருகிறது, நடுவில் தண்டோடு. முதல் ஒன்றுக்கு முக்கால் மணி. கதவில் வட்டமான ஓட்டை.

இரண்டாவதில் இருக்கும்போது ஜெபமலர் அழைத்தாள்.

"மேடம், இருபத்துநாலு முடியாதுன்னு நினைக்கேன். டாக்டர் ராத்திரி மாத்திரையைக் கூட்டிட்டாங்க. நாலு நாளா பகல்லயும் தூங்கித் தூங்கி விழுகாரு. பேக்கரிக்கே போகல. ஆகஸ்ட்ல பாப்போம்ங்காங்க."

"ஏன் கூட்டினாங்க?"

"கதவு விசயந்தான். அது என் கதவு இல்லன்னு ஒரே பிடியா நிக்காரு. ஞாபகம் குழம்புதுன்னு நீங்களும் சொன்னியல்லா."

பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். இரண்டாவது தண்டை எடுத்து முடித்தேன். இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் சொல்லாமல் இருக்க என்னென்ன வழி உண்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான்கு வழி இருந்தது. நான்கும் நல்ல வழிகள், யாருக்கும் தெரிய வந்திருக்காது.

அழைத்தேன்.

"அவன் சொன்னதுதான் சரி, ஜெபமலர். நான் அனுப்பினது என் ரூம் கதவு. கொண்டி அன்னைக்கு இருந்துச்சு. எடுத்துட்டேன்னு சொன்னது பொய். இப்பதான் எடுத்துட்டு இருக்கேன்."

அந்தப் பக்கம் அவள் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"மேடம், நீங்க காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுக்கிறிய, இல்லியா?"

"ஆமா."

"உங்க வார்த்தையை வச்சுல்லா மருந்து அளவைக் கூட்டியிருக்கு."

"தெரியும்."

"இப்ப நான் அவர்ட்ட என்ன சொல்ல?"

"நீ சொன்னதுதான் சரின்னு சொல்லுங்க. முதல்ல அவன்ட்ட சொல்லுங்க. பெறவு டாக்டர்ட்ட."

"அக்காதான் பொய் சொன்னாங்கன்னு சொல்லட்டா?"

"அப்படித்தான் சொல்லணும்."

மே 20, செவ்வாய்

மாத்திரையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம். இருபத்துநாலு உறுதியில்லை, அவன் விருப்பம். தாணு ஒரே ஒரு வரி சொல்லியனுப்பினான்: "என் கதவு படத்தை அனுப்பச் சொல்லு. முடிச்சு தெரியணும்."

மூன்றாவதும் நான்காவதும் வந்தன. உள்ளங்கையில் கொப்புளம்.

மே 21, புதன்

ஐந்து. குடைக்குழாயின் பல் மழுங்கி, மறுபடி ராவினேன்.

மே 22, வியாழன்

ஆறும் முடிந்தன. கடைசித் தண்டு பாதி வரை வந்து உள்ளே ஒடிந்தது. மறுபடி மாட்டி, இன்னும் ஆழமாக இறக்கி, மதியம் இரண்டு மணிக்கு எடுத்தேன். முழுதாக வந்த இரண்டின் துளை சிறிது, மற்ற ஆறும் சுண்டுவிரல் நுழையும் அளவு. கதவில் நான்கு, நிலையில் நான்கு.

ட்ரில்லைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனேன். மைதீன் பிச்சை அண்ணன் மக்கு டப்பா ஒன்றை எடுத்து வைத்தார்.

"இதை வச்சு அடைச்சு, மேல ஒரு கோட்டிங் பெயிண்ட் விட்டா, கதவுல ஒண்ணு இருந்துச்சுன்னே தெரியாது டீச்சர்."

"அது வேண்டாம்ணே. தாழ்ப்பாள் ஒண்ணு குடுங்க."

"உள்பக்கத்துக்கா, வெளிப்பக்கத்துக்கா?"

"உள்பக்கம்."

எதிரே டீக்கடையில் நல்லபெருமாள் ஆசாரி இருந்தார். இந்த முறை குடையைச் சாய்க்கவில்லை. போய் நின்றேன்.

"ஆசாரி, கொண்டியை எடுத்துட்டேன். உள்ள தாழ்ப்பாள் போடணும். வாறியளா?"

அவர் பேப்பரை மடித்தார். என் உள்ளங்கையைப் பார்த்தார்.

"கொண்டியையே எடுத்தாச்சுன்னா இது என்ன, நீங்களே போட்டுரலாம். ஸ்க்ரூவுக்கு மெழுகு தேயுங்க. கேட்டியளா, அடிக்காதீங்க."

அன்று நான் அடித்து இறக்கியது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. அம்மை சொல்லியிருப்பாள்.

வீட்டுக்கு வந்து கதவைப் படமெடுத்தேன். வெளிப்பக்கம், ஓட்டைகளோடு. உட்பக்கம், முடிச்சோடு. அனுப்பினேன். இரவுக்குள் பதில் வந்தது, அவனே பேசிய குரல்பதிவு, இரண்டு வினாடி: "இதான்."

மே 23, வெள்ளி

தாழ்ப்பாள் போட்டேன். நான்கு திருகாணி, மெழுகு தேய்த்து. நாலாவதை முழுக்க இறக்கக் கை வரவில்லை, கொப்புளம் உடைந்துவிட்டது. கொஞ்சம் துருத்தி நிற்கிறது.

பயமாக இருக்கிறது. உள்ளே தாழிட்டுக்கொண்டு ஏதாவது செய்துகொண்டால் வெளியிலிருந்து திறக்க வழியில்லை. ஜெபமலரிடம் கேட்டேன். "இங்கயும் உள்ள தாழ் உண்டு, மேடம். ரெண்டு வருசமா ஒண்ணும் செய்யல. முடிவு உங்க கையில" என்றாள். அவள் குரலில் பழைய இணக்கம் இல்லை. அது நியாயம்.

சாயங்காலம் அந்த அறைக்குள் போய்த் தாழிட்டு உட்கார்ந்து பார்த்தேன். உட்பக்கம் கீழே, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், நகக்கீறல் மாதிரி வரிகள். வெளியே அம்மை உட்கார்ந்திருந்த உயரம்.

மே 24, சனி

பத்தே காலுக்கு வந்தார்கள். தாணுவுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. பல் கட்டியிருக்கிறான். பொட்டலம் ஒன்றை என்னிடம் நீட்டினான். அவனே சுட்ட பன். செருப்பைக் கழற்றாமல் நேரே கதவிடம் போனான். ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை வைத்தான்.

"எட்டு."

"ஆமா."

"இவ்வளவு பெரிய ஓட்டை எதை வச்சுக்கா போட்டே?"

"குடைக்கம்பியை வச்சு அறுத்தேன்."

"யாரு குடை?"

"அம்மை குடை."

யோசித்தான். "ஏசுவாளே."

ஜெபமலர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"தாணு, படத்தை மாத்தி அனுப்பினேன். உனக்கு ஞாபகம் குழம்பிட்டுன்னு சொன்னேன். ரெண்டும் நான் செஞ்சது."

"தெரியும். இவங்க சொன்னாங்க." ஒரு கணம் என்னைப் பார்த்தான். "நாலு நாள் தூங்கிட்டேன்க்கா. மாவு புளிச்சுப் போச்சு."

அறைக்குள் போனான். கதவை மூடினான். தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது, புது இரும்பு, கொஞ்சம் சிணுங்கலோடு. ஜெபமலரும் நானும் வெளியே நின்றோம். என் கை கதவை நோக்கிப் போயிருக்கிறது. அவள் பார்த்ததும்தான் எனக்குத் தெரிந்தது. இறக்கிக்கொண்டேன்.

அவள் ஐந்து மணி பஸ்ஸில் கிளம்பினாள். அவன் ஏழு மணிக்குத் திறந்தான். நான் அதுவரை தட்டவில்லை.

மே 25, ஞாயிறு

காலையில் அடுக்களைக்கு வந்து உப்புச் சாடியைத் திறந்து பார்த்தான்.

"கரண்டி எங்க?"

பதினாறாம் தேதியே எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். கொண்டுவந்து கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான், வளைந்த நுனியை.

ஐந்தரை வருடமாக, பதினோரு முறை நேரில் பார்த்தும் கேட்காததைக் கேட்டேன்.

"எவ்வளவு நேரம்டே?"

எதைக் கேட்கிறேன் என்று அவன் கேட்கவில்லை.

"கோலம்மை அக்கா வீட்டுல ரெண்டு சீரியல் முடியுற வரைக்கும். அம்மை முதல்ல பேசிக்கிட்டே தோண்டினா. நெஞ்சு வலிக்கு, நீ வெளிய வந்து யாரையாவது கூப்பிடுன்னா. பெறவு பேசல, தோண்டுற சத்தம் மட்டும் கேட்டுது. நான் உள்ள இருந்து தள்ளினேன்."

"கத்தினியா?"

"கத்தினேன். யாருக்கும் கேக்கல."

"கேட்டுது. கோலம்மை அக்காவுக்குக் கேட்டுது. எப்பவும் போலன்னு நினைச்சுட்டா. எனக்கும் கேட்டிருந்தா நானும் அப்படித்தான் நினைச்சிருப்பேன்."

அவன் தலையாட்டினான். என்னை மன்னித்ததாக எதுவும் அதில் இல்லை. நான் சொன்னது சரி என்பது மட்டும் இருந்தது.

"தாழ்ப்பாள்ல ஒரு ஸ்க்ரூ லூசா இருக்கு. ராத்திரி கையைக் குத்திச்சு" என்றான்.

கரண்டியோடு அறைக்குப் போனான். நான் பின்னால் போய் வாசலிலேயே நின்றேன். வளைந்த நுனியை நாலாவது திருகாணியின் தலையில் வைத்தான். வெட்டு இருந்தது, நுனி அதில் பிடித்தது. மூன்று சுற்றில் இறங்கிவிட்டது.

கரண்டியைக் கழுவி, உப்புச் சாடியில் போட்டான்.